குடும்பக் குழு: கார்த்தியின் புது லென்ஸ்

கார்த்தி: கேமரா லென்ஸ் வந்துவிட்டது! 150-600 மி.மீ. ஜூம். அடுத்த ஞாயிறு வேடந்தாங்கல் போகிறேன்.

அத்தை: திருஷ்டி படாமல் இருக்கட்டும் கண்ணா. எவ்வளவு ஆச்சு?

கார்த்தி: 85,000 அத்தை. சம்பளத்தில் மிச்சம் பிடித்தது போக, காலண்டருக்குப் படம் கொடுத்ததில் 8,000, எதிர்வீட்டு வளைகாப்பில் 6,000.

மீனா அக்கா: இன்சூரன்ஸ் போட்டாயா?

கார்த்தி: அப்பா வருடாவருடம் கட்டும் வீட்டுப் பாலிசி இருக்கிறதே அக்கா. அதில் வந்துவிடாதா?

மீனா அக்கா: நானும் அப்படித்தான் நம்பினேன். இரண்டு வருடம் முன்பு மயிலாப்பூரில் அறுபத்துமூவர் கூட்டத்தில் என் கேமரா பையோடு போனது உங்களுக்கெல்லாம் தெரியும். பணம் வரவில்லை என்பதை இன்றுதான் சொல்கிறேன். என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் "பிறந்தநாள் விழாவுக்கு 4,000" என்று போட்டிருந்தேன். அதை இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் எடுத்து ஃபைலில் வைத்து, தொழிலுக்குப் பயன்பட்ட பொருள், சொந்த உபயோகப் பாலிசியில் வராது என்று கடிதம் அனுப்பிவிட்டார்கள். அந்த வருடம் முழுக்க நான் எடுத்தது மூன்றே பிறந்தநாள். அன்று சாமி ஊர்வலத்தை எனக்காகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கார்த்தி: ஐயோ அக்கா...

சித்தப்பா: என்னம்மா மீனா, இன்சூரன்ஸ் நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயராக இத்தனை வருடம் இருந்தவன் நான், அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா? சென்னையிலேயே இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர், அலுவலகம் இருக்கிறது. நிராகரித்த ஒரு வருடத்துக்குள் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

மீனா அக்கா: தெரியாது சித்தப்பா. எழுதியதைப் படித்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

சித்தப்பா: சரி. கார்த்தி, கவனி. வீட்டுப் பாலிசி பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்குத்தான். வெளியே எடுத்துப் போகும் கேமராவுக்கு "ஆல் ரிஸ்க்" என்ற கூடுதல் காப்பீட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதைக் கேட்கும்போதே படம் எடுத்துக் காசு வாங்குவதையும் எழுத்தில் சொல்லிவிடு. ஏஜென்ட் போனில் "பரவாயில்லை சார்" என்றால் அது போதாது, கம்பெனியின் பதில் மெயிலில் வர வேண்டும். பிரீமியம் கொஞ்சம் கூடலாம், கூடட்டும்.

கார்த்தி: மதிப்பைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையுமே?

சித்தப்பா: அந்தத் தப்பை மட்டும் செய்யாதே. இரண்டு லட்சம் பெறுமானப் பொருளை ஒரு லட்சத்துக்குப் பதிந்தால், 40,000 நஷ்டத்துக்கும் அதே கணக்கில் பாதி, 20,000தான் கையில் வரும். அப்புறம், லென்ஸில் பூஞ்சை பிடித்தால் பொதுவாக எந்தப் பாலிசியும் தராது. நம் ஊர் ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் போட்டு வை. பூட்டாத காரில் விட்டுப் போனாலும் கிடைக்காது.

மீனா அக்கா: பில், சீரியல் நம்பர் இரண்டையும் இன்றே போட்டோ எடுத்து வை தம்பி. என் பழைய பில்லில் எழுத்தே அழிந்துபோயிருந்தது. திருடு போனால் ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் என்று புகார் பெற்றதற்கான ரசீதோடு அனுப்பிவிடுவார்கள், எஃப்ஐஆர் கேட்டு வாங்கு. எனக்கு அதற்கே பத்து நாள் அலைச்சல்.

அத்தை: அவ்வளவு கஷ்டத்தையும் தனியாகவா பட்டாய்?

கார்த்தி: சித்தப்பா, இப்படி எழுதலாமா? "பொழுதுபோக்காகப் பறவைகளைப் படம் எடுக்கிறேன். கடந்த ஆண்டு காலண்டருக்குப் படம் கொடுத்ததில் 8,000 ரூபாய் வந்தது. இந்த உபயோகத்துக்கும் பாலிசி பொருந்துமா என்று எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

சித்தப்பா: வளைகாப்பு 6,000 எங்கே? அதையும் எழுது.

கார்த்தி: சேர்த்துவிட்டேன். நாளைக் காலை அனுப்புகிறேன்.