ஆரக்கிள் எக்ஸ்போர்ட்டில் காலி டேபிள்கள் வரவில்லை, உதவி தேவை

ஆரக்கிள் டேட்டாபேஸ் 11.2.0.1-இல் இருக்கும் ஒரு ஸ்கீமாவை (ஒரு யூசரின் டேபிள் தொகுப்பு) பழைய எக்ஸ்போர்ட் கருவியில் டம்ப் (நகல் ஃபைல்) எடுத்து வேறொரு சர்வரில் இம்போர்ட் செய்தேன். லாகில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் மூலத்தில் 212 டேபிள், இங்கே 187தான். விட்டுப்போன 25-உம் ரெக்கார்டே இல்லாதவை. அதில் ஒன்றை மட்டும் பெயர் சொல்லி எக்ஸ்போர்ட் செய்தால் 'எக்ஸ்ப்-00011, இல்லை' என்கிறது, செலக்ட் போட்டால் டேபிள் இருக்கிறது! இன்னொரு குழப்பம், காலியாக இருக்கும் வேறு நாலைந்து டேபிள்கள் மட்டும் ஒழுங்காக வந்துவிட்டன. இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பதில் 1:
11.2-இல் டெஃபர்ட் செக்மென்ட் கிரியேஷன் என்று ஒரு பாராமீட்டர் வந்தது, இயல்பாகவே ட்ரூ. டேபிளை உருவாக்கும்போது டிஸ்கில் இடம் ஒதுக்காமல், முதல் இன்சர்ட் வரும்போதுதான் செக்மென்ட், அதாவது அந்த இடத்தை, போடும். செக்மென்ட் இல்லாத டேபிள் பழைய எக்ஸ்போர்ட் கண்ணுக்குத் தெரியாது. வந்துவிட்ட அந்த நாலைந்திலும் எப்போதோ ரெக்கார்டு போட்டு அழித்திருப்பார்கள். டெலீட் செய்தாலும், ஏன், ரோல்பேக் செய்தாலும்கூட செக்மென்ட் போகாது. அந்த பாராமீட்டரை ஃபால்ஸ் ஆக்குங்கள், சரியாகிவிடும்.

பதில் 2:
அது மட்டும் போதாது, இனி உருவாக்கும் டேபிள்களுக்குத்தான் அது பொருந்தும். இருக்கும் 25-க்கும் 'ஆல்டர் டேபிள்', பெயர், 'அலோகேட் எக்ஸ்டென்ட்' என்று, உடனே இடம் ஒதுக்கச் சொல்லும் கட்டளையை ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டும். டேபிள்களைப் பட்டியலிடும் யூசர் டேபிள்ஸ் வியூவில் செக்மென்ட் கிரியேட்டட் 'நோ' என்று இருப்பவற்றை எடுத்து, அந்த செலக்ட்டிலேயே ஆல்டர் வரிகளை ஒட்டித் தயார் செய்துகொள்ளுங்கள். பலர் அதே வியூவில் ரெக்கார்டு எண்ணிக்கையைக் காட்டும் 'நம்-ரோஸ்' 0 என்று தேடச் சொல்வார்கள், தயவுசெய்து அதை நம்பாதீர்கள்: அது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (டேபிள் பற்றிய புள்ளிவிவரம்) எடுத்த அன்றைய எண்ணிக்கை, எடுக்கவே இல்லையென்றால் 'நல்' (மதிப்பே இல்லை) என்று நிற்கும், அந்த டேபிள்கள் எல்லாம் மறுபடி விட்டுப்போகும்.

பதில் 3:
டேட்டா பம்ப் என்ற ஆரக்கிளின் புதிய எக்ஸ்போர்ட் கருவி இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு? அது காலி டேபிளையும் எடுத்துவிடும். அந்த டம்பை டேட்டா பம்ப் இம்போர்ட்டில்தான் ஏற்ற முடியும், பழைய இம்போர்ட் படிக்காது, அதை மட்டும் மறக்காதீர்கள்.

கேட்டவர்:
டேட்டா பம்ப் டம்பை டேட்டாபேஸ் சர்வரிலேயே எழுதுகிறது, அந்த சர்வருக்குள் நுழைய எனக்கு அனுமதி இல்லை. அதனால் இரண்டாவது பதிலில் சொன்னபடியே செய்தேன். 24 டேபிள் ஓடியது, ஒன்று மட்டும் ஓரா-00942, டேபிள் இல்லை என்கிறது.

பதில் 2:
அந்தப் பெயரில் சின்ன எழுத்து இருக்கிறதா பாருங்கள். உருவாக்கும்போது இரட்டை மேற்கோளுக்குள் சின்ன எழுத்தில் கொடுத்திருந்தால், ஆல்டரிலும் அப்படியே மேற்கோளோடு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆரக்கிள் பெரிய எழுத்தாக்கித் தேடும்.

கேட்டவர்:
அதேதான்! நடுவில் ஒரே ஒரு சின்ன எழுத்து, பட்டியலில் பத்து முறை பார்த்தும் கண்ணில் படவில்லை. மேற்கோள் போட்டதும் ஓடியது. மறுபடி டம்ப் எடுத்து ஏற்றினேன், இரண்டு பக்கமும் 212. மூவருக்கும் மிக்க நன்றி.