மார்ட்டிஸ் டெனான் (ஒரு மரத்தின் நாக்கை இன்னொன்றின் துளையில் செருகும் இணைப்பு): அடிக்கும்போது விரிசல் விட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

மரத்தூள்:
ஸ்டூலின் மூன்று கால்கள் ஒழுங்காக முடிந்தன, நான்காவதில்தான் நடந்தது. கால் 35 மி.மீ. சதுரம், துளை 12 மி.மீ. கால்களை இணைக்கும் சட்டம் வெளிமுகத்தை ஒட்டி வர வேண்டும் என்று துளையை வெளியே தள்ளிப் போட்டிருந்தேன், வெளிச்சுவர் 8 மி.மீ. இருந்திருக்கும். பசை போடாமல் பொருத்திப் பார்த்தபோதே சட்டத்தின் நாக்கு, அதாவது டெனான், கொட்டாப்புளியில் (மரச் சுத்தியல்) நாலு அடி வாங்கித்தான் இறங்கியது. இறுக்கம் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். அப்புறம் துளையில் பாதிக்குப் பசையை ஊற்றி அடித்தேன். கடைசி 5 மி.மீ. இறங்க மறுத்து, அடிக்க அடிக்க ரப்பர் மாதிரி எதிர்த்துத் தள்ளியது. இன்னும் பலமாக ஒரு அடி. டக்கென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். காலின் வெளிமுகத்தில் ரேகையோடு மயிரிழை போல ஒரு கோடு, அதன் வழியாக வெள்ளையாகப் பசை மெதுவாகக் கசிந்து வந்தது. சுத்தியலைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மாதம் ஆகிறது, அந்தச் சத்தம் போகவில்லை.

கோணல்கோடு:
பசைமேல் பழி போடாதீர்கள், 8 மி.மீ. சுவர்தான் காரணம். எனக்கு நடந்தது கதவுச் சட்டத்தில். துளை முனைக்கு மிக அருகில் இருந்தது, மரத்தை முதலிலேயே சரியான நீளத்துக்கு அறுத்துவிட்டிருந்தேன். உளியின் இரண்டாவது நெம்பலிலேயே முனை அப்படியே பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. அதிலிருந்து முனையில் 20 மி.மீ. கூடுதலாக விட்டு, ஒட்டிக் காய்ந்த பிறகுதான் அறுக்கிறேன்.

இழைப்புளி:
கோணல்கோடு சொல்வது பாதிதான் சரி. அடி மூடிய துளையில் பசைக்கும் காற்றுக்கும் போக வழி இல்லாவிட்டால் தடித்த சுவரும் விரியும். என் கதை சின்னது: மர ஆணி போட்டு இழுத்து இறுக்குகிற இணைப்பில் டெனானின் ஆணித்துளையை 1 மி.மீ. தள்ளிப் போடுவதற்குப் பதில் 3 மி.மீ. தள்ளிவிட்டேன், ஆணி பாதி போனதும் டெனானின் நுனி துண்டாக உடைந்தது. இனி இப்படிச் செய்து பாருங்கள். முதலில் துளை, அப்புறம்தான் டெனான், ஏனென்றால் இழைத்துச் சரிசெய்ய முடிவது டெனானைத்தான். இரண்டுக்கும் கோட்டை ஒரே முகத்திலிருந்து போடுங்கள், கோடு கீறும் கேஜை உளியின் அகலத்துக்கே வையுங்கள். டெனானின் அடியில் மற்ற மரத்தோடு முட்டி நிற்கும் தோளுக்குப் பென்சில் வேண்டாம், கத்திக்கோடு போடுங்கள். துளையின் ஆழத்தை டெனானைவிட 2 மி.மீ. கூட்டுங்கள். டெனான் நுனியின் ஓரங்களைச் சீவிவிடுங்கள். பசையை ஊற்றாமல் சுவர்களில் பிரஷ்ஷால் தடவுங்கள். கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், தூக்கினால் தானாக விழக் கூடாது, அதுதான் அளவு. ஊடுருவிப் போகும் டெனானுக்கு ஆப்பு வைத்தால், அது துளையின் இரு முனைகளை நோக்கி விரிய வேண்டும், பக்கச் சுவரை நோக்கி விரிந்தால் மரமே பிளந்துவிடும். அப்புறம் டெனானின் தடிமன் மரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதை மீறாதீர்கள்.

பழையபெஞ்சு:
அந்த மூன்றில் ஒரு பங்கை ஏன் சட்டம் போலச் சொல்கிறீர்கள்? கையில் இருக்கும் உளியின் அகலம்தான் துளையின் அகலம், அந்தப் பங்குக்குக் கிட்ட வந்தால் போதும். ஜெர்மனியில் லைப்சிக் அருகே 7000 ஆண்டுகளுக்கு முந்தைய மரக் கிணறுகளைத் தோண்டியெடுத்தார்கள், அடிச்சட்டத்தில் ஆப்பு வைத்த டெனான்கள் இருந்தன, கல் வாய்ச்சியால் மரம் செதுக்கிய காலத்து வேலை, பசையே தேவைப்படவில்லை. நான் எழுத வந்தது வேறு. தாத்தா செய்த பெஞ்சைப் பழுது பார்க்கப் பிரித்தேன். தோள் விலகியதும் உள்ளே அவருடைய கத்திக்கோடு, நேற்றுப் போட்டது போலக் கூர்மையாக இருந்தது. துளையின் சுவரில் ஒவ்வொரு உளி இறக்கமும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு இடத்தில் மட்டும் உளி கோட்டைத் தாண்டியிருந்தது, அங்கே நகம் அளவுக்கு ஒரு மரச்சில்லை வைத்து அடைத்திருந்தார். நான் அதை எடுக்கவில்லை. அப்படியே வைத்துத் திரும்பப் பூட்டிவிட்டேன்.

மரத்தூள்:
பழையபெஞ்சு, அந்த மரச்சில்லைப் படித்ததும் எழுந்துபோய் என் ஸ்டூலைத் திருப்பிப் பார்த்தேன். அன்றைக்கே கிளாம்ப் போட்டு இறுக்கியதில் விரிசல் மூடிக்கொண்டது, உட்கார்ந்தாலும் அசைவில்லை. ஆனால் ஒரு பக்கத் தோள் இன்னும் அரை மி.மீ. திறந்தேதான் இருக்கிறது, அதற்குள் காய்ந்த பசை தெரிகிறது. காலை மாற்றுவதா, அப்படியே விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.