வைசியர் குடும்பம், சிசேரியன், ஸ்கோலின் மருந்து: முன்பே பரிசோதிக்க வேண்டுமா?

கேள்வி (சேலத்துப் பெண்):
எனக்கு எட்டாம் மாதம். நாங்கள் ஆரிய வைசியர். அப்பா தன் மாமன் மகளைத்தான் மணந்தார். போன வருடம் அண்ணனுக்கு ஹெர்னியா அறுவை சிகிச்சை முடிந்தும் பல மணி நேரம் மூச்சு திரும்பவில்லை, வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். டாக்டர்கள் பேசியது காதில் விழுந்ததாம், இமையைக்கூட அசைக்க முடியவில்லையாம். "சிலருக்கு அப்படி ஆகும்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கும் அப்படி ஆகுமா?

பதில் (மயக்க மருந்து மருத்துவர், கோவை):
அந்த ஒற்றை வரியோடு உங்கள் அண்ணனை அனுப்பியது பெரும் தவறு, சகோதரி. அவருக்குக் கொடுத்தது பெரும்பாலும் சக்சினில்கோலின். தியேட்டரில் ஸ்கோலின் என்போம். நரம்பின் கட்டளையைத் தசை வாங்கும் இடமான அசிட்டைல்கோலின் ஏற்பியில் போய் உட்கார்ந்து தசையைத் தளர்த்தும். ரத்தத்திலுள்ள சூடோகோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைப்பதால் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் மூச்சு திரும்பிவிடும். நொதி இல்லாதவருக்கு மணிக்கணக்காகும். அதுவரை தூக்க மருந்தை நிறுத்தவே கூடாது. அண்ணன் பட்ட வேதனை அங்கேதான் வந்தது.

வைசியர்களிடம் இந்தக் குறை மற்றவர்களைவிட மிக அதிகம். நொதியின் 307-ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் என்ற வேறொன்று வந்திருப்பதை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. இக்குறை அவர்களிடம் இவ்வளவு பரவலாக இருப்பது, தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணம் முடித்ததன் விளைவு. அண்ணனுக்கு இது உறுதியானால் உங்களுக்கும் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு.

இருவரும் சூடோகோலினெஸ்டரேஸ் அளவைப் பாருங்கள். கர்ப்பத்தில் இது எல்லோருக்கும் ஏறக்குறைய கால் பங்கு குறையும், அதற்காகப் பயப்படாதீர்கள். பிறவிக் குறையில் ஏறத்தாழ இல்லாமலே போகும். சிசேரியன் பெரும்பாலும் முதுகு ஊசியில் முடியும். அவசரத்தில் முழு மயக்கம் தேவைப்பட்டாலும் ஸ்கோலினுக்குப் பதில் ரோக்குரோனியம் என்ற வேறொரு தசைத் தளர்த்தி மருந்து இருக்கிறது.

பதில் (ஈரோடு, செவிலியர்):
வைசியர் என்றாலே இந்த நோய் என்று முத்திரை குத்திவிட மாட்டார்களா?

பதில் (மயக்க மருந்து மருத்துவர்):
கூடாது. சாதிப் பெயர் விசாரிக்கத் தூண்டினால் போதும், முடிவை ரத்தப் பரிசோதனை சொல்லட்டும். அந்தச் சமூகத்திலும் பெரும்பாலோருக்கு இக்குறை இல்லை. பிற சமூகத்தாரிடமும் இது உண்டு. இன்னொன்று: பூச்சிமருந்து குடித்தவர்களுக்கும் இதே நொதிதான் குறையும். பிறவிக் குறை உள்ளவர் மயங்கி வந்தால் விஷம் குடித்தார் என்று தவறாக முடிவு கட்டிவிடலாம். குறை இருப்பது உறுதியானால், அந்தப் பரிசோதனைச் சீட்டு எப்போதும் கையில் இருக்கட்டும்.

சேலத்துப் பெண்:
நன்றி டாக்டர். அண்ணனின் டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயரே இல்லை.

மயக்க மருந்து மருத்துவர்:
மயக்க மருந்துப் பதிவேட்டின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். நோயாளி கேட்டால் கொடுத்தாக வேண்டும்.