உயில் எழுதாத பெண்ணின் சம்பாத்தியம் யாருக்கு? வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 15

பொன்னி: இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 15(1)-ஐ ஒருமுறை படித்துப் பாருங்கள். உயில் எழுதாமல் பெண் இறந்தால் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு. பெற்றவர்கள் அதற்கும் பிறகுதான். ஆண் இறந்தாலோ அவன் தாய் முதல் வகுப்பு வாரிசு, மனைவி மக்களோடு சம பங்கு! சமத்துவம் தரும், பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் அரசமைப்பின் 14, 15ஆம் கூறுகள் இருக்கும்போது இது எப்படி நிற்கிறது? மனு போடுவோம்; உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய வேண்டும்.

கதிரவன்: நாராயணி தேவி வழக்கு 2009இல் அங்கே போனதே. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீட்டார் துரத்திவிட்டார்கள். தாய்வீடு படிக்க வைத்தது, வேலைக்குப் போய்ச் சொத்து சேர்த்தார், உயில் எழுதாமல் இறந்தார். அத்தனையும் கணவர் வழி வாரிசுகளுக்கே என்று தீர்ப்பு; அனுதாபத்தால் சட்டத்தை மாற்ற முடியாது என்றார்கள். மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். 2005இல் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை தந்ததும் அதுதான்.

பொன்னி: அந்த வழக்கில் பிரிவு செல்லுமா என்ற கேள்வியே எழுப்பப்படவில்லை, தோழர். பிரிவுக்குப் பொருள் சொன்னதோடு சரி. கேள்வியை நேராக எடுத்துக்கொண்ட பம்பாய் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2012இல் இது பாலினப் பாகுபாடு என்றே சொன்னார். 2005இல் பிரிவு 6-ஐத் திருத்திய நாடாளுமன்றம் 15-ஐத் தொடவில்லை. இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது?

கதிரவன்: அதே பம்பாயில் 1983இல் வேறொரு நீதிபதி செல்லும் என்றாரே. சரி, ரத்து செய்தாலும் அடுத்த வாரிசு யார்? வரிசையை நீதிபதி எழுத முடியாது.

அருவி: வழக்கு முடியும்வரை சொத்துள்ள பெண்கள் செய்ய வேண்டியது: உயில். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். சொத்து பெறுபவரைச் சாட்சியாகப் போட வேண்டாம். வங்கியில் நாமினி போட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்; நாமினி பணத்தை வாங்கலாம், உரிமை வாரிசுக்குத்தான். இன்னொரு சிக்கல்: பிள்ளையில்லாத பெண் பெற்றோரிடமிருந்து வாரிசாகப் பெற்றது மட்டுமே 15(2)-இன்படி தகப்பன் வழிக்குத் திரும்பும். அப்பா உயிரோடு இருக்கும்போது செட்டில்மென்ட் எழுதித் தந்த வீடு அதில் வராது, கணவர் வழிக்கே போய்விடும்.

பொன்னி: நல்ல யோசனைதான், அருவி. ஆனால் தன் தாய்க்குப் பங்கு கிடைக்க ஆண் உயில் எழுத வேண்டியதில்லை. பெண் மட்டும் ஏன் எழுத வேண்டும்? கூறு 14 கேட்பது இதைத்தான்.

கதிரவன்: அப்படியானால் மனுவைச் சுயசம்பாத்தியத்தோடு சுருக்குங்கள். அந்தச் சொத்தைக் கணவர் வழிக்கும் பிறந்த வீட்டுக்கும் பகிர வேண்டும் என்று சட்ட ஆணையத்தின் 207ஆவது அறிக்கை 2008லேயே சொல்லிவிட்டது. பிரிவையே தூக்கு என்று போனால் முதல் விசாரணையிலேயே "வேறு வரிசை என்ன?" என்று கேட்பார்கள்.