நடுவில் இருப்பது பழுப்பா, அழுக்கா?

சில்வர்ஓக்:
போன ஞாயிறு ஏற்காட்டில் ஏரிப் பக்கம் ஒரு கடையில் பார்த்து, நேற்று இங்கே போட்டோ போட்ட படம்தான். எண்ணெய் வண்ணம், 8க்கு 10 அங்குலம், ஒரு நோட்டுப் புத்தக அளவு. இடது பக்கம் காப்பிக் காய் மாதிரி பச்சை உருண்டைகள். வலது பக்கம் போகப் போக உருண்டை நீண்டு, சரிந்து, கடைசியில் சிவந்த மலைச்சரிவாகவே ஆகிவிடுகிறது. காய் எங்கே முடிந்தது, மலை எங்கே ஆரம்பித்தது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பழுப்பு. அதைப் பார்த்துவிட்டு நம் டிராயிங் மாஸ்டர் ஐயா "பிரஷ் கழுவாத அழுக்கு" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். ராத்திரி தூக்கமே வரவில்லை. அந்த அழுக்கில்தான் ஐயா மொத்தப் படமும் இருக்கிறது, காய் மலையாக மாறுகிற இடமே அதுதான்.

டிராயிங்_மாஸ்டர்:
தம்பி, 34 வருஷம் பிள்ளைகளுக்கு வண்ணம் கலக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஈரப் பச்சை மேல் சிவப்பை இழுத்தால் பழுப்பு வரும், ஆறாம் வகுப்புப் பையன் நோட்டிலும் வரும். எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வது கிடையாது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை வாங்கி மெல்ல மெல்ல இறுகும், கனமாகப் பூசினால் வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பொறுக்க முடியாதவர் செய்த வேலை இது. இதற்குப் பெயர் மாற்றமா? அவசரம்.

களத்துமேடு:
படம் வரையத் தெரியாது, காப்பி தெரியும். காய் பச்சையிலிருந்து மஞ்சளாகி அப்புறம்தான் சிவக்கும். பழுப்பு வருவது அதற்கும் பிறகு, பறித்துக் களத்தில் காயப்போட்ட பிறகு. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் பழுப்பு இருந்தால் அந்தக் காய்க்கு ஏதோ நோய் என்று அர்த்தம். வரைந்தவர் செடியைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

சில்வர்ஓக்:
அண்ணே, பழுப்பு என்றால் என்ன? பழுத்தது பழுப்பு. பழுப்பு இலை என்று நாம் மஞ்சளாகி உதிர்கிற இலையைத்தானே சொல்கிறோம்? அப்போது வரிசை சரியாகத்தானே இருக்கிறது?

டிராயிங்_மாஸ்டர்:
போட்டோவில் இருப்பது மஞ்சளா? கண்ணைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். தமிழ் ஐயா வேலையெல்லாம் இங்கே வேண்டாம். அழுக்கு.

லைன்மேடு_பாபு:
மஞ்சளாக இருந்து மாறியிருக்கலாமே? ஈயம் சேர்ந்த குரோம் மஞ்சள் வெளிச்சம் பட்டால் பழுப்பாகும். ஓவியர் வான்கா வரைந்த சூரியகாந்தியிலேயே அப்படி மங்கியிருக்கிறது. கடை ஜன்னல் ஓரம் வெயிலில் மாட்டியிருந்தால்?

டிராயிங்_மாஸ்டர்:
வான்கா சூரியகாந்தி வரைந்தது 1888இல். இந்தப் படம் வரைந்து மூன்று மாதம் என்று கடைக்காரர் சொன்னதாகத் தம்பியே நேற்று எழுதியிருக்கிறார். ஏற்காட்டு வெயிலுக்கு அவ்வளவு வேகமா? பாபு, பெரிய பெரிய விஷயம் பேசுவதற்கு முன்னால் என்னிடம் வாங்கிப்போன 12ஆம் நம்பர் பிரஷைத் திருப்பித் தரவும். போன தீபாவளிக்கு வாங்கியது.

லைன்மேடு_பாபு:
பொதுவில் கேட்க வேண்டிய விஷயமா சார் அது? முடி கொட்டின பிரஷ்.

கொண்டலாம்பட்டி:
20 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் இந்தப் படத்தைத்தான் பார்த்தீர்களா? மிளகாவது வாங்கி வந்திருக்கலாம்.

களத்துமேடு:
குப்பனூர் வழியாக வந்தால் 20 வளைவு கிடையாது. கீழே சேலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு ரோடுதான் தெரியும்.

கொண்டலாம்பட்டி:
சரிங்க, மேலே இருப்பவரே. மாம்பழம் வேண்டும் என்றால் மட்டும் கீழே இறங்கி வருவீர்கள்.

சில்வர்ஓக்:
படத்துக்கு வாருங்கள். மாண்ட்ரியான் என்ற டச்சு ஓவியர் மரத்தை வரைந்தார். முதலில் சிவப்பு மரம், 1911இல் சாம்பல் மரம், 1912இல் பூத்த ஆப்பிள் மரம். கடைசியில் மரம் போய் வளைந்த கோடுகள்தான் மிச்சம். அவரிடம் போய் எந்த மரத்துக்குச் சாம்பல் நிறம் என்று கேட்போமா? இங்கேயும் காய் மலையாக மாறுகிற இடத்தில் காய்க்குரிய நிறமும் இல்லை, மலைக்குரிய நிறமும் இல்லை. அவ்வளவுதான்.

டிராயிங்_மாஸ்டர்:
மாண்ட்ரியான் பெயரைச் சொல்லிவிட்டால் அழுக்கு சந்தனம் ஆகிவிடுமா? வேண்டுமென்றே வைத்த பழுப்பு எப்படி இருக்கும் தெரியுமா? சியன்னா என்று ஒரு வண்ண மண் உண்டு, அதை வறுத்தால் சிவந்த பழுப்பு கிடைக்கும், மெல்லிசாகத் தடவினால் அடியில் இருக்கும் நிறம் உள்ளிருந்து சுடர்விடும். வறுப்பதற்கு முன் அதே மண் மஞ்சள் பழுப்பு. மாற்றம் வேண்டும் என்றால் அந்த மண்ணிலேயே இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்திருந்தாலே போதுமே! இங்கே இருப்பது செத்த பழுப்பு. போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு கோடாக இழுத்திருக்கிறது, கோட்டுக்குள் பச்சை அப்படியே மாட்டிக்கொண்டிருக்கிறது. பிரஷில் மிச்சம் இருந்த வண்ணம் அது.

சில்வர்ஓக்:
பெரிதாக்கிப் பார்த்தேன் ஐயா. அந்தக் கோடுகள் வளைந்து, சுழித்து வருகின்றன. பிரஷ் மயிர் சுழிக்காது. அது விரல் ரேகை. கட்டைவிரலால் அழுத்தித் திருகி வைத்திருக்கிறார். பிரஷே படாத இடத்தில் பிரஷ் கழுவாத அழுக்கு எப்படி வந்தது?

டிராயிங்_மாஸ்டர்:
அப்படியானால் கை கழுவாத அழுக்கு.

லைன்மேடு_பாபு:
😂 பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரிக்கக்கூடாதுதான், ஆனாலும் சார்...

டிராயிங்_மாஸ்டர்:
யார் பழுத்த ஓலை? பிரஷைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சிரி.

களத்துமேடு:
விரலோ பிரஷோ, வரிசை தப்பு. மஞ்சள் எங்கே? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறம் அந்தச் சிவப்பு பழம்தான் என்று யார் சொன்னது? பாக்சைட் என்கிற அலுமினியத் தாது வெட்டிய இடத்துச் சிவப்பு மண் மாதிரியும் இருக்கிறது. மேலே வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சில்வர்ஓக்:
அண்ணே, அதைத்தான் நானும் காலையிலிருந்து சொல்கிறேன். பழம் மண்ணாக மாறுகிறது. நீங்கள் என் பக்கம்தான்.

களத்துமேடு:
நான் யார் பக்கமும் இல்லை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காப்பி வந்தது. அன்றிலிருந்து ஒரு காயும் மஞ்சளைத் தாண்டிக் குதித்துச் சிவந்தது கிடையாது.

கொண்டலாம்பட்டி:
படம் என்ன விலை?

சில்வர்ஓக்:
4,500 சொன்னார். பேசினால் குறைப்பார்.

டிராயிங்_மாஸ்டர்:
அழுக்குக்கு 4,500. இன்னும் வார்னிஷ்கூட அடித்திருக்க முடியாது, எண்ணெய் வண்ணத்தை ஆறு மாதமாவது காயவிட வேண்டும். தம்பி வாங்குவதாக இருந்தால் வீட்டுக்கு எடுத்துவந்து விரலால் தொடாமல் வையுங்கள், இல்லையென்றால் இரண்டாவது ரேகை விழும், அதற்கும் ஒரு கட்டுரை எழுதுவீர்கள். நான் இதைப் பற்றி இனி பேசப்போவதில்லை. அழுக்கு அழுக்குதான்.

லைன்மேடு_பாபு:
இதோடு ஐந்தாவது தடவை அழுக்கு என்கிறீர்கள் சார்.

டிராயிங்_மாஸ்டர்:
நான்கு. பிரஷ்?