"இவனை நான் பார்த்ததே இல்லை" என்று புரூனோ சொன்ன இடம்

குழந்தைப் பாத்திரம் ஒன்றின் கோழைத்தனம் உங்களை உலுக்கிய வாசிப்பு எது என்று இங்கே கேட்டிருந்தீர்கள். ஜான் பாய்ன் எழுதி 2006இல் வெளிவந்த 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்' நாவலை நான் இரண்டு முறை வாசித்திருக்கிறேன். முதல் முறை தனியாக வாசித்து முடித்தபோது அழுதேன். அந்த அழுகை முழுவதும் வதைமுகாம் தளபதியின் ஒன்பது வயது மகன் புரூனோவுக்காக மட்டுமே இருந்தது என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. இரண்டாம் முறை, சென்ற கோடை விடுமுறையில், பதினொரு வயது மகளுக்கு இரவுக்கு ஓர் அத்தியாயமாகப் படித்துத் தமிழில் சொல்லிவந்தேன். பதினைந்தாம் அத்தியாயத்தில் அவள் என்னை நிறுத்திவிட்டாள்.

வாசிக்காதவர்களுக்காக அந்த இடத்தை மட்டும் சொல்கிறேன். தளபதியின் பிறந்தநாள் விருந்துக்கான சிறிய கண்ணாடிக் குவளைகளைத் துடைப்பதற்கு மெலிந்த விரல்கள் வேண்டும் என்பதால், வீட்டுக்கு அருகிலுள்ள வதைமுகாமின் வேலிக்கு அப்பாலிருந்து ஷ்முவெல் என்ற யூதச் சிறுவனை வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவனோடு வேலியோரம் பல நாட்களாக ரகசியமாகப் பேசிப் பழகிய புரூனோ, கோழி இறைச்சித் துண்டுகளை எடுத்து அவன் கையில் திணிக்கிறான். அச்சத்தைப் பசி வென்றுவிட, ஷ்முவெல் அவற்றை விழுங்கும் நேரத்தில் கோட்லர் என்ற இளம் ராணுவ அதிகாரி உள்ளே வருகிறான். திருடித் தின்றாயா என்று அவன் மிரட்டும்போது, இவன்தான் கொடுத்தான், இவன் என் நண்பன் என்கிறான் ஷ்முவெல். கோட்லர் புரூனோவின் பக்கம் திரும்புகிறான். இவனோடு நான் பேசியதே இல்லை, இவனைப் பார்த்ததே இல்லை என்று புரூனோ சொல்லிவிடுகிறான்.

"பாவம், சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்" என்று நான் சமாதானமாகச் சொன்னேன். "அவனுக்குத் தெரியும்ப்பா. தெரியாதவன் எதுக்குப் பயப்படணும்?" என்று கேட்டாள் மகள்.

அந்தக் கேள்விக்குப் பிறகு முந்தைய அத்தியாயங்களைத் திரும்பப் புரட்டினேன். இரண்டே அத்தியாயங்களுக்கு முன், இரவு உணவின்போது பாவெல் என்ற கைதி கை தவறி மதுவைக் கோட்லர் மீது கொட்டிவிடுகிறார். அடுத்து கோட்லர் செய்ததை அந்த மேசையில் இருந்த ஒருவரும், தளபதி உட்பட, தடுக்கவில்லை. புரூனோ அழுகிறான், இனி வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லது என்று அன்றிரவே முடிவும் செய்துகொள்கிறான். சமையலறையில் அவன் சொன்ன பொய்யின் வேர் அங்கே இருக்கிறது. அதற்கும் முன்னால், ஊஞ்சலிலிருந்து விழுந்த புரூனோவின் காயத்துக்குக் கட்டுப்போட்டவரும் இதே பாவெல்தான். ஒரு காலத்தில் மருத்துவராக இருந்தவர். தளபதி கேட்டால் நானே கட்டுப்போட்டதாகச் சொல்லிக்கொள்வோம் என்று தாய் சொன்னதைக் கேட்டு, இது சுயநலம் அல்லவா என்று மனத்துக்குள் முகம் சுளித்தவன் புரூனோ. மற்றவரின் பொய்யை அடையாளம் காணத் தெரிந்த பிள்ளையை ஒன்றும் அறியாதவன் என்று நான் எப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன்? ஷ்முவெலுக்காக எடுத்துச் செல்லும் கேக்கை வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டு, மிஞ்சிய ஒரு வாயைக் கொடுத்தால் அவன் பசியைக் கிளறிவிடும், அது தவறு என்று தனக்குத்தானே நியாயம் கற்பித்துக்கொள்வதையும் முதல் வாசிப்பில் புன்னகையோடு கடந்திருந்தேன்.

பயந்ததற்காக அவனை நான் குறை கூறவில்லை. ஒன்பது வயதுக் குழந்தை கோட்லரைக் கண்டு நடுங்குவது இயல்பு. புரூனோ வெட்கப்படவும் செய்கிறான், அதை நாவல் நேர்மையாகவே காட்டுகிறது. என் வருத்தம் வேறு. இந்த ஓர் அத்தியாயத்தில் தெரிந்தே செய்த தவறை அவ்வளவு துல்லியமாக எழுதியவர், மற்ற இடங்களில் அவன் அறியாமையை வரலாறு ஏற்காத அளவுக்கு நீட்டிவிட்டார். 1941 செப்டம்பர் முதல் ஜெர்மனியில் ஆறு வயதைக் கடந்த யூதர் ஒவ்வொருவரும் மஞ்சள் நட்சத்திரம் அணிந்தே வெளியே வர வேண்டியிருந்தது. பெர்லின் தெருக்களில் வளர்ந்த பையன் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பள்ளிப் பாடங்களிலேயே யூத வெறுப்பு ஊட்டப்பட்டது. பத்து வயதானால் சிறுவர்கள் நாஜிச் சிறுவர் அமைப்பில் சேர்வதும் கட்டாயமாகியிருந்தது. மறுபுறம், கதை நடக்கும் இடமான ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சுமார் 2,32,000 குழந்தைகளிலும் இளம் வயதினரிலும் 2,16,000 பேர் யூதர்கள். ஷ்முவெலின் வயதில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர், உழைக்கத் தகுதியற்றவர்கள் என்று, வந்து இறங்கிய உடனேயே நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். நாள்தோறும் வேலியோரம் உட்கார்ந்து பேச அவர்களுக்கு வாய்ப்பே இருக்கவில்லை. இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் நினைவகம் 2020 ஜனவரியில் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது; இப்போது அவர்கள் பக்கத்து நியாயம் புரிகிறது. ஆயினும் பதினைந்தாம் அத்தியாயத்தை மட்டும் என்னால் கைவிட முடியவில்லை.

அதிலும் மன்னிப்பு வரும் இடம் எனக்கு உறுத்துகிறது. ஒரு வாரம் கழித்து, அடுத்த முறை சந்திக்கும்போது ஷ்முவெலின் முகமெல்லாம் காயம். புரூனோ மன்னிப்புக் கேட்கிறான். ஷ்முவெல் பரவாயில்லை என்று சொல்லி, வேலியின் அடிப்பகுதியைத் தூக்கிக் கையை நீட்டுகிறான். முதன்முறையாக இருவரும் தொட்டுக்கொள்கிறார்கள். அடி வாங்கியவனே ஆறுதலும் தர வேண்டியிருக்கிறது.

அன்றிரவு விளக்கை அணைத்த பிறகு, "நடுவுல அந்த ஒரு வாரம் ஷ்முவெல் எங்கே இருந்தான்?" என்று மகள் இருட்டில் கேட்டாள். எழுந்து மறுபடி விளக்கைப் போட்டுத் தேடினோம். புரூனோ ஒவ்வொரு பிற்பகலும் வேலிவரை நடந்து சென்றதும், அங்கே யாரையும் காணாமல் திரும்பியதும், தன்னை எப்போதும் மன்னிக்க மாட்டானோ என்று கலங்கியதும் இருந்தன. அவள் கேட்டதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.