நண்பர்களோடு மனோதர்மம்: சொந்தமாக ஒரு பல்லவி அமைப்பது எப்படி?

மாடிவீட்டுப் பாடகன்:

அனைவருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்தில் ஒரே தெருவில் வளர்ந்த நாங்கள் நான்கு பேர், இன்று வெவ்வேறு வேலைகளில் இருந்தாலும், ஞாயிறுதோறும் மாலையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடி இசைத்து வருகிறோம். எனக்கு வாய்ப்பாட்டு, ஒருவருக்கு வயலின், இன்னொருவருக்கு மிருதங்கம், நான்காமவர் கல்லூரிக் காலத்தில் வீணையை விட்டு கிதாருக்குப் போனவர். மேடை ஏறும் எண்ணம் எங்களில் எவருக்கும் இல்லை.

பாடம் செய்த கீர்த்தனைகள் இரண்டைப் பாடிவிட்டு மோகன ராகத்திலோ கல்யாணி ராகத்திலோ கல்பனாஸ்வரத்தில் (அந்த நேரத்துக் கற்பனையில் ஸ்வரங்களை அடுக்கிப் பாடுவதில்) இறங்கினால் இருட்டுவது கூடத் தெரிவதில்லை. சென்ற மாதம் நான் காந்தாரத்தில், அதாவது ‘க’ ஸ்வரத்தில், நின்று மூச்சு வாங்கிய இடைவெளியில், அடுத்து நான் பாட நினைத்திருந்த பிடியையே (ராகத்தின் சிறு ஸ்வரத் தொடரையே) வயலின் நண்பர் வாசித்துவிட்டார். இருவருக்கும் சிரிப்பு வந்து, தாளம் போட்ட கை நின்றுபோனது. அந்த ஒரு நொடிக்காகவே வாரம் முழுவதும் காத்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் அடுத்த ஞாயிறு அது என்ன பிடி என்று இருவருக்கும் நினைவில்லை.

ஆகவே எங்களுக்கென்று ஒரு பல்லவி, அதாவது பல வேகங்களில் திருப்பித் திருப்பிப் பாடும் ஒற்றை வரி, அமைக்கலாம் என்று எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில், ஒவ்வொரு எண்ணிக்கையையும் இருமுறை போடும் இரண்டு களையில் உட்கார்ந்தோம். காகிதமும் பேனாவும் வந்ததும் அலுவலகக் கூட்டம் போல் ஆகிவிட்டது. “முருகா உனை மறவேன்” என்று தொடங்கினோம். அருதி (வரியின் முன்பாதி முடிந்து நிற்கும் இடம்) சரியாக ‘மற’வில் விழுந்து, கார்வைக்கு (நீட்டி நிற்பதற்கு) பிறகு ‘வேன்’ வந்தது. உள்ளேயிருந்து என் அம்மா, “யாரையடா மறக்கச் சொல்கிறாய்?” என்று கேட்டார். இசையமைக்க உட்கார்ந்தால் மனோதர்மத்தின், அதாவது அந்த நேரத்துக் கற்பனையில் பாடுவதன், மகிழ்ச்சி போய்விடுகிறதா, அல்லது நாங்கள் செய்யும் முறை தவறா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தொப்பிப்பக்கம்:

நண்பரே, நான் மிருதங்கம் வாசிப்பவன். தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தில்) ரவையைப் பிசைந்து ஒட்டிவிட்டு, கல்லும் புள்ளும் (மரத்துண்டும்) எடுத்துத் தட்டிச் சுருதி சேர்க்கும் நேரத்தில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டே பாதி இசையைக் கற்றவன். என் கருத்தில், ஆரம்பத்திலேயே முழுப் பல்லவியை எழுத முற்பட்டதுதான் தவறு. முதலில் ஒரு சின்னக் கோர்வையை, அதாவது கணக்காக வந்து பாட்டின் எடுப்பில் சேரும் ஸ்வரக் கோப்பை, சேர்ந்து கட்டிப் பாருங்கள்.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். மோகனத்தில், காந்தாரத்தில் சமத்திலேயே (தாளத்தின் முதல் தட்டிலேயே) எடுக்கும் ஒரு பாட்டு. ‘பகரிஸரி’ என்ற ஐந்து எழுத்தை மூன்று முறை, நடுவே ‘கா’ என்று இரண்டிரண்டு மாத்திரைக் கார்வையுடன் பாடினால், 5+2+5+2+5, ஆக 19. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, எண்ணிக்கைக்கு நான்காக 32 மாத்திரை. 13 போக மீதி 19. ஆகவே மூன்றேகால் எண்ணிக்கை தள்ளித் தொடங்கினால், கடைசி ரிஷபத்திலிருந்து நேராகப் பாட்டின் காந்தாரத்தில் ஏறிவிடலாம். கணக்கு இவ்வளவுதான். ஆனால் அன்று பாடியவருக்குக் கார்வை இனித்துவிட்டது போலும். இரண்டை மூன்றாக நீட்டினார். 19 என்பது 21 ஆகி, சமம் தாண்டி அரை எண்ணிக்கையில் போய் விழுந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு வயலின்காரர், “அரை இடத்தில் எடுக்கும் பாட்டுக்கு இது அப்படியே பொருந்துமே” என்றார். அந்தத் தவறு இன்று எங்கள் குழுவின் சொத்து. அரை இடப் பாட்டு எது வந்தாலும் அதைத்தான் வைக்கிறோம்.

இறங்கும் இடம் நால்வருக்கும் தெரிந்துவிட்டால் நடுவில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் அலையலாம். அதற்குத்தான் கோர்வை, சுதந்திரத்தைக் கெடுக்க அல்ல. குறைப்பையும் முயன்று பாருங்கள்: ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம், பிறகு ஒன்று, அரை, கால் என்று சுருங்கிக்கொண்டே வரும்போது, மற்றவர் முடிப்பதற்குள் நம் வாய் திறந்திருக்க வேண்டியிருக்கும், யோசிக்க இடமில்லாத அந்த வேகத்தில்தான் நண்பன் யார் என்பதே தெரிகிறது.

நாலாந்தந்தி:

மேலே எழுதியவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், கடைசி வரியைத் தவிர. குறைப்பில் என் நண்பர்கள் யாவரும் எதிரிகளாகிவிடுகிறார்கள்.

பல்லவியைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பல்லவியின் வரியைக் காகிதத்தில் எழுதாதீர்கள். கையில் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொல்லிச் சொல்லிப் பாருங்கள். ஆதி தாளத்தில் பூர்வாங்கம் (வரியின் முன்பாதி) முடிந்து அருதி விழுவது ஐந்தாவது எண்ணிக்கையில். அங்கே நெடில் உயிர் நின்றால்தான் கார்வை சுகமாக இருக்கும். சொல்லும் அங்கே முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் அம்மா கேட்ட கேள்வியை ஊரே கேட்கும். உங்கள் வரியையே “உனை மறவேனே” என்று பூர்வாங்கமாகவும், “ஒருநாளும் முருகா” என்று உத்தராங்கமாகவும் (பின்பாதியாகவும்) திருப்பிப் போட்டுப் பாருங்கள். ‘னே’ அருதியில் நிற்கும். சுற்றி வரும்போது ‘முருகா உனை மறவேனே’ என்று கேட்கும். வல்லெழுத்து அதிகம் இல்லாததால் நான்கு மடங்கு வேகத்திலும் நாக்கு சிக்காது.

பல்லவிக்குப் பேர்போன ஆலத்தூர் சகோதரர்கள், ஸ்ரீநிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும், உடன்பிறந்தவர்கள் அல்லர். ஒருவர் ஆலத்தூர் வெங்கடேச ஐயரின் மகன், மற்றவர் அவரிடம் கற்றவர். சேர்ந்தே பயின்று சேர்ந்தே பாடியதால் சகோதரர்கள் ஆனவர்கள். உங்கள் தெருவுக்கு இந்தச் செய்தி பயன்படும் என்று நினைக்கிறேன்.

மறந்துபோன பிடியைப் பற்றி வருந்த வேண்டாம். கைபேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கும் இருந்தது. பதிவைக் கேட்டுப் பாடியபோதெல்லாம் நேற்றைய சோற்றைச் சூடாக்கியது போல இருந்தது. இப்போது எங்கள் விதி வேறு: அடுத்த வாரம் தானாக வாயில் வருவது எதுவோ அதுவே பல்லவிக்கு, மற்றது போகட்டும். வயலின்காரருக்கும் ஒரு சொல்: ஆலாபனையில் (தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும்போது) பாடகரை நிழலாகத் தொடர்வது தன் முறை வரும்வரைதான். தன் முறையில், அவர் பாடி முடித்த பிடியிலிருந்து தொடங்க வேண்டும், ஆனால் அதையே திருப்பி வாசிக்கக் கூடாது.

ஆறுகம்பி:

கிதார் நண்பரை யாரும் கவனிக்கவில்லையே! நானும் அந்த இனம்தான். கிதாரின் கட்டைகள் (fret) பதித்த கழுத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பது, எளிதில் வராது. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் ஓரளவு வாங்க முடியும். ‘சக்தி’ குழுவில் எல். சங்கரின் வயலினுக்கும் விக்கு விநாயக்ராமின் கடத்துக்கும் ஜாகிர் உசேனின் தபலாவுக்கும் நடுவே உட்கார்ந்த ஜான் மெக்லாக்லின், கட்டைகளுக்கு இடையே குழிவாகச் செதுக்கிய கிதாரை வைத்துக்கொண்டதும் இதற்காகத்தான். அவ்வளவு செலவு வேண்டாம். அவருக்குத் தானத்தை, அதாவது பல்லவிக்கு முன் ராகத்தை லயத்தோடு விரிக்கும் பகுதியை, கொடுங்கள். மீட்டி வாசிக்கும் வீணைக்கு மிகப் பொருத்தமானது தானம். பழைய வீணைக்காரருக்கு விரல் மறந்திருக்காது. கார்டுகளை (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தால் மட்டும் அன்போடு தடுத்துவிடுங்கள். ஆதார ஷட்ஜமே நகர்வது போல் கேட்கும்.

மாடிவீட்டுப் பாடகன்:

அனைவருக்கும் நன்றி. நேற்று “உனை மறவேனே” என்ற வரியை மோகனத்தில் எடுத்துக்கொண்டோம். கிதார் நண்பர் கால்மணி நேரம் தானம் வாசித்தார். அவர் மத்திய ஷட்ஜத்தில் (நடு ‘ஸ’வில்) நிறுத்தியதும் நான் தார ஷட்ஜத்தில் (மேல் ‘ஸ’வில்) தொடங்க, யாரும் சொல்லாமலே வயலின் பஞ்சமத்தில் சேர்ந்துகொண்டது. இரண்டு மடங்கு வேகமும் நான்கு மடங்கு வேகமும் தடையில்லாமல் வந்துவிட்டன. திஸ்ரத்தில், அதாவது ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் தொல்லை. மூன்று முறை பாடினால் இரண்டு ஆவர்த்தனத்தில் முடிய வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் இரண்டாவது சுற்று தொடங்கும் இடம் யார் கையிலும் நிற்கவில்லை, நால்வரும் நான்கு இடத்தில் எடுக்கிறோம். தொப்பிப்பக்கத்தார் வரும் ஞாயிறுக்குள் ஒரு வழி சொன்னால் உதவியாக இருக்கும்.